கோபிக்கும் உரிமை

மனநோய்க்கு ஆளான ஒருவரைப் பராமரிக்கும் குடும்பத்தின் நிலைமை பெரும்பாலும் சுமை என்ற ஒரே சொல்லில் அடக்கப்படுகிறது. பணச்செலவு, வேலையிழப்பு, உறக்கமின்மை, ஊராரின் பேச்சு, தட்டிப்போகும் திருமணங்கள் என்று அந்தச் சுமையை அளந்து காட்டும் ஆய்வுகள் மருத்துவ இதழ்களில் ஏராளம். அவை சொல்வது உண்மையே. ஆயினும் பராமரிப்பவர்களின் துயரத்தில் இந்த அளவுகோல்களுக்குள் வராத ஒரு பகுதி உண்டு. அது எதிரில் இருப்பவரை எவ்வாறு கருதுவது என்னும் தீராத தடுமாற்றம். பகல் முழுதும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் மகன்மீது தாய் கோபப்படலாமா, தன்னை ஏசித் தீர்த்த மனைவியின் சொற்களைக் கணவன் மனத்தில் வைத்துக்கொள்ளலாமா, அல்லது அவற்றை நோயின் சொற்கள் என்று ஒதுக்கிவிட வேண்டுமா, அவ்வாறு ஒதுக்கினால் அவள் பரிவோடு பேசும் நாளில் அந்தப் பரிவை மட்டும் அவளுடையது என்று எப்படி ஏற்பது என்னும் கேள்விகளுக்கு மருந்துச்சீட்டில் விடை இல்லை. இவை மெய்யியல் கேள்விகள். சமயங்களும் தத்தம் வழியில் நெடுங்காலமாக இவற்றுக்கு விடை கூறி வந்துள்ளன.

பிரித்தானிய மெய்யியலாளர் பி. எஃப். ஸ்ட்ராசன் 1962இல் வெளியிட்ட 'சுதந்திரமும் மனத்தாங்கலும்' என்னும் கட்டுரை இத்தடுமாற்றத்தைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு பாகுபாட்டைத் தருகிறது. மனிதர் ஒருவரோடொருவர் பழகும்போது நன்றி, மனத்தாங்கல், மன்னிப்பு, புண்படுதல் முதலிய உணர்வுகள் எழுகின்றன. எதிரில் இருப்பவரை நல்லெண்ணமோ தீயெண்ணமோ கொள்ளத்தக்க ஒரு கர்த்தாவாக ஏற்றிருப்பதன் அடையாளங்களே இவை என்பது அவர் கருத்து. இந்த நிலையைப் பங்கேற்பு மனப்பாங்கு எனலாம். இதற்கு மாறாக, ஒருவரைக் கையாளப்பட வேண்டியவராகவும் சிகிச்சைக்கு உரியவராகவும் மட்டுமே காண்பது புறநிலை மனப்பாங்கு. பின்னதில் அச்சமும் இரக்கமும் இருக்கலாம். ஆனால் சண்டைக்கு இடமில்லை. மீள வழியற்ற மனச்சிதைவு நோயாளியைப் புறநிலை மனப்பாங்குக்கு உரிய உதாரணங்களுள் ஒன்றாக ஸ்ட்ராசன் எடுத்துக்காட்டுகிறார். ஆனால் அவரே மற்றொன்றையும் குறிப்பிடுகிறார்: உறவின் நெருக்கடி தாங்காதபோது நலமாக உள்ளவரிடமும் மனிதர் புறநிலை மனப்பாங்கை ஒரு புகலிடமாகக் கொள்வதுண்டு, ஆயினும் அதிலேயே நெடுநாள் தங்குதல் இயலாது.

மருத்துவருக்கும் செவிலியருக்கும் புறநிலை மனப்பாங்கு தொழிலோடு சேர்ந்து வருகிறது. நோயாளி தம்மை ஏசினால் அதை நோயேட்டில் குறித்துக்கொண்டு அடுத்தவரைப் பார்க்கப் போகலாம். குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. அதை விரும்பினாலும் பெற முடியாது, பெற்றுவிட்டால் அது குடும்பமாக இருக்கவும் முடியாது. மனச்சிதைவு நோயில் இந்தச் சிக்கல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் முற்றுகிறது. அந்நோயின் அறிகுறிகளை மருத்துவம் இரு வகையாகப் பிரிக்கிறது. இல்லாத குரல் கேட்பதும், தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் என்பதுபோன்ற அசைக்க முடியாத பிறழ்நம்பிக்கைகளும் இயல்புக்கு மேல் வந்து சேர்பவை ஆதலால் நேர்மறை அறிகுறிகள் எனப்படுகின்றன. ஊக்கம் வற்றுதல், பேச்சு சுருங்குதல், குளிப்பதிலும் உடுப்பதிலும் நாட்டம் குன்றுதல் ஆகியவை இருந்ததை இழப்பவை ஆதலால் எதிர்மறை அறிகுறிகள். முதல் வகையை நோய் என்று குடும்பம் விரைவில் ஏற்றுக்கொள்கிறது. இரண்டாம் வகையை அவ்வாறு ஏற்பது கடினம். தன்னோடு தானே பேசும் மகனை நோயாளி என்று கருதும் அதே வீடு, பத்து மணிக்கும் பாயைச் சுருட்டாத அவனைச் சோம்பேறி என்கிறது. 'வேணும்னே பண்றான்' என்கிறது. இன்றுள்ள மருந்துகள் முதல் வகை அறிகுறிகளைத் தணிக்கும் அளவுக்கு இரண்டாம் வகையைத் தணிப்பதில்லை என்பதால், குரல்கள் ஓய்ந்த பிறகு, அதாவது 'சரியாகிவிட்ட' பிறகு, வீட்டில் பூசல் பெருகுவதும் உண்டு.

இப்பூசலை அறிவியல் முறையில் ஆராய்ந்தவருள் முதன்மையானவர் லண்டனைச் சேர்ந்த சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன். 1950களில், மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிய நோயாளிகளுக்கு, வாடகை விடுதிகளுக்குச் சென்றவர்களைவிட நோய் அதிகமாக மீண்டதை அவர் கண்டார். இதிலிருந்து 'வெளிப்படும் உணர்ச்சி' என்னும் கருத்தாக்கம் பிறந்தது. நோயாளியைப் பற்றி உறவினர் பேசும்போது வெளிப்படும் குறைகூறல், பகைமை, அளவு மீறிய ஈடுபாடு ஆகியவற்றை ஒரு நீண்ட நேர்காணலின் வழியே மதிப்பிடும் முறை இது. அதே நேர்காணலில் பரிவும் அளக்கப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கிறிஸ்டீன் வானும் ஜூலியன் லெஃபும் 1976இல் வெளியிட்ட ஆய்வு, குறைகூறல் மிகுந்த வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்தோடு முகம் பார்த்து வாழும் நோயாளிக்கு நோய் மீளும் வாய்ப்பு கூடுதல் என்று காட்டியது. சண்டிகரில் 1980களில் நடந்த ஒப்பாய்வில் குறைகூறல் மிகுந்த குடும்பங்கள் லண்டனைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தன. பின்வந்த ஆய்வுகள் காரணத்தை மேலும் நெருங்கின: நோயாளியின் நடத்தை அவர் கட்டுப்பாட்டில் உள்ளது என்று நம்பும் உறவினரே மிகுதியாகக் குறை கூறுகின்றனர். ஸ்ட்ராசனின் பாகுபாடு இங்கே எண்களாக மாறி நிற்கிறது. குறை கூறுபவர் எதிரில் இருப்பவரை இன்னமும் கர்த்தாவாக நம்புகிறார்; அந்த நம்பிக்கையே அவரை நோகடிக்கிறது.

அவ்வாறாயின் நம்பிக்கையைக் கைவிடச் சொல்வதுதான் மருந்தா? குடும்பங்களுக்கு நோயைப் பற்றிக் கற்பிக்கும் நிகழ்ச்சிகள் பலவும் அப்படித்தான் தொடங்குகின்றன: இது மூளையின் வேதிமாற்றம், சர்க்கரை நோய்போல இதுவும் ஒரு நோய், அவரைக் கோபித்துப் பயனில்லை. இது பெரிதும் நன்மை செய்யும் பேச்சு என்பதில் ஐயமில்லை. ஆனால் இதன் விளிம்பில் ஒரு பள்ளம் உள்ளது. எதற்கும் கோபிக்கப்படாதவர் எதற்கும் பாராட்டப்படவும் மாட்டார். வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்படும்போது அவரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை; அவர் தவறு செய்தால் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர்; நியாயமான காரணத்துக்காக அவர் சினந்தாலும் 'மாத்திரை போட்டாச்சா?' என்ற கேள்வியே பதிலாக வருகிறது. நோயிலிருந்து மீண்டவர்கள் சொல்லும் மனக்குறைகளுள் இது முக்கியமானது.

கோபத்தோடு பிறப்பது பழி. இது யாருடைய வினை என்னும் கேள்வி நோய் கண்ட வீட்டில் எழாமல் இருப்பது அரிது. பழி வழக்கமாக வந்து விழும் இடம் தாய். இதைப் பழைமைவாதத்தின் குறை என்று மட்டும் ஒதுக்குவது பொருந்தாது. ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன் என்னும் உளப்பகுப்பாய்வாளர் 1948இல் மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற கருத்தை எழுத்தில் கொண்டுவந்தார். 1956இல் கிரெகரி பேட்சனும் அவர் குழுவினரும் ஒன்றுக்கொன்று முரணான செய்திகளில் பிள்ளையைச் சிக்கவைக்கும் குடும்பப் பேச்சே நோயின் ஊற்று என்ற கோட்பாட்டை முன்வைத்தனர். ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் மேற்கின் தாய்மார்கள், மருத்துவரின் வாயாலேயே, தம் அன்பின் கோளாறால் பிள்ளையின் அறிவு சிதைந்தது என்று கேட்க நேர்ந்தது. சான்று நிற்காததால் இக்கோட்பாடுகள் பின்னர் கைவிடப்பட்டன. பெற்றவள் பாவம் பிள்ளை தலையில் என்று திண்ணையில் பேசப்படுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, பின்னது பல்கலைக்கழகத்தில் பேசப்பட்டது என்பது மட்டுமே.

அந்த 1950களிலேயே இந்தியாவில் நேரெதிரான ஒன்று நடந்தது குறிப்பிடத்தக்கது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தினரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துத் தங்கவைத்து, சிகிச்சையில் பங்கெடுக்கச் செய்தார். அதன் பின் சில ஆண்டுகளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் குடும்பத்தினர் உடன் தங்கும் முறையைத் தன் அடிப்படையாகவே அமைத்துக்கொண்டது. ஆள் பற்றாக்குறையும் இதற்கு ஒரு காரணம். அதை மறைத்து இதைப் பண்பாட்டுப் பெருமையாக்குவது மிகையாகும். ஆயினும் விளைவு கருதத்தக்கது. உடன் தங்கிய தாய், தன் மகன் செய்வதையே பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளையும் செய்வதைக் கண்டாள். தன் வளர்ப்பின் குற்றம் என்று அவள் எண்ணியிருந்தது, முன்பின் அறியாத ஒரு வீட்டிலும் அதே வடிவில் இருந்தது.

வினைக் கோட்பாட்டைச் சாத்திரம் கூறும் முறைக்கும் ஊர் கூறும் முறைக்கும் இடையே உள்ள தொலைவும் இங்கே கவனத்துக்குரியது. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கிறது: ஈட்டி வைத்த தொகுதியாகிய சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர வந்த பங்காகிய பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஈட்டப்படும் ஆகாமியம். செய்த உயிரே அதன் பயனை நுகரும் என்பதும், பயனை உரிய உயிருக்குக் கூட்டுவிப்பவன் இறைவன் என்பதும் அதன் அடிப்படை. ஆகவே ஒருவரின் வினை மற்றொருவர்மேல் வந்து நோயாக ஏறிற்று என்னும் ஊர்ப் பேச்சுக்குச் சித்தாந்தத்தில் நேரான இடமில்லை. அது தரும் இன்னொரு கருத்து அதனினும் பயன் மிக்கது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கு அந்தக்கரணங்களும் மாயையிலிருந்து தோன்றியவை. அவை உயிர் அறிவதற்குத் துணையாகும் கருவிகளே, உயிர் அவற்றின் வேறு. இதன்படி சிதைவது கருவி. உடையவர் அங்கேயே இருக்கிறார். ஆனால் இக்கருத்தில் பழைய பள்ளம் வேறு உருவில் தென்படுகிறது. கருவி முற்றும் பழுதானது என்று கொண்டுவிட்டால், உடையவரின் சொல்லாக எதையுமே கேட்க முடியாமல் போகும்.

பேய் பிடித்தது, செய்வினை வைத்தார்கள் என்னும் விளக்கங்கள் மருத்துவத்தின் பார்வையில் மூடநம்பிக்கை. ஒழுக்கவியல் நோக்கில் அவை செய்யும் பணி வேறு. அவை ஏசியவரையும் ஏசப்பட்டவரையும் ஒருசேரக் குற்றத்திலிருந்து விடுவித்து, கோபத்துக்கு வெளியே ஓர் இலக்கைத் தருகின்றன: பேயை அதட்டலாம், விரட்டலாம், மகளை அதட்டியதாக ஆகாது. விலையும் உண்டு. பேயின்மேல் விழுவதாகச் சொல்லப்படும் அடி மகளின் உடம்பில்தான் விழுகிறது; செய்வினை வைத்ததாகக் குற்றம் சாட்டப்படும் நாத்தனாரோ பங்காளியோ வாழ்நாள் பகையாகிறார்.

கோயில்களிலும் தர்காக்களிலும் தங்கும் வழக்கத்தை இந்த விளக்கங்களோடு மட்டும் சேர்த்துக் காண்பது போதாது. திருச்சிக்கு அருகே காவிரிக் கரையில் உள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் மனநோயாளிகள் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கி வழிபடுவது மரபு. வழிபாட்டு வேளைகளில் அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரின் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை, சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களிடம் அறிகுறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைப் பதிவு செய்தது. அங்கே தனிப்பட்ட சிகிச்சைச் சடங்கு எதுவும் இல்லை. துணைக்கு ஓர் உறவினர் உடன் இருந்தார், எளிய கோயில் வேலைகள் இருந்தன, யாரும் விரட்டவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு அது. அதைக் கொண்டு மருந்தைக் கைவிடச் சொல்வது அறியாமை. ஆனால் குடும்பத்தின் அனுபவம் என்ற நோக்கில் ஒன்று தெளிவாகிறது. விரதமும் நேர்த்திக்கடனும் நோயாளியோடு தாயையும் கட்டுப்படுத்துகின்றன; இருவரும் ஒரே நீரில் குளித்து, ஒரே சோற்றை உண்டு, ஒரே தெய்வத்தின் முன் குறையுள்ளவர்களாக நிற்கின்றனர். பராமரிப்பவர், பராமரிக்கப்படுபவர் என்னும் ஏற்றத்தாழ்வு அங்கே சிறிது நேரம் தளர்கிறது.

உடன் தங்க உறவினர் இல்லாதபோது என்ன நேரும் என்பதை இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தர்காவை அண்டி நடத்தப்பட்ட ஒரு தனியார் காப்பகத்தில் பற்றிய தீயில் 28 பேர் இறந்தனர். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. குடும்பங்கள் பணம் கட்டி விட்டுச் சென்றவர்கள் அங்கே இருந்தனர். அவர்களைக் கைவிட்டவர்கள் என்று அக்குடும்பங்களை ஏசுவது எளிது. அவர்களுள் பலர் நம்பியே விட்டனர், சிலர் களைத்து விட்டனர், இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை. இஸ்லாமியச் சட்டவியல் மதி பிறழ்ந்தவரை முகல்லஃப், அதாவது மார்க்கக் கடமைகளுக்குக் கட்டுப்பட்டவர், என்று கொள்வதில்லை. தொழுகையும் நோன்பும் அவர்மீது கடமையாவதில்லை, அவற்றை விட்டதற்குக் குற்றமும் இல்லை. பொறுப்பிலிருந்து விடுவிப்பது அங்கே கருணையின் வடிவம். அந்த நெறியை ஏற்ற ஒரு புண்ணியத் தலத்தின் அருகிலேயே, கடமையில்லாதவர் உரிமையும் இல்லாதவராகச் சங்கிலியில் கிடந்தார். பின்னாளில் அரசு அங்கே மருந்தையும் துஆ எனப்படும் இறைவேண்டலையும் அருகருகே வைக்கும் 'தவா-துவா' திட்டத்தைக் கொண்டுவந்தது.

இத்தடுமாற்றம் அன்றாட வாழ்வில் கூர்மையடையும் இடம் சாப்பாட்டுத் தட்டு. தமக்கு நோயில்லை என்று உறுதியாக நம்புபவர் மாத்திரையை மறுக்கிறார். மறுத்தால் மீண்டும் குரல்கள், மீண்டும் அலைச்சல், ஒருவேளை மீண்டும் காவல் நிலையம். எனவே தாயோ மனைவியோ மாத்திரையைப் பொடித்துச் சாம்பாரிலோ காப்பியிலோ கலந்து கொடுக்கிறார். இந்திய மனநல மருத்துவர்கள் நன்கறிந்த வழக்கம் இது. சிலர் தடுக்கின்றனர், சிலர் கண்டும் காணாமல் இருக்கின்றனர், கலப்பதற்கு ஏற்ற மருந்தை எழுதித் தருவோரும் உண்டு. விளைவுகளை மட்டும் எடைபோடும் அறவியல் இதைப் பெரும்பாலும் மன்னிக்கும்: நோய் தணிகிறது, வேலைக்குப் போகிறார், குடும்பம் நிலைக்கிறது. மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தலாகாது என்ற கான்ட் வழி வந்த அறவியல் மன்னிக்காது. ஒருவர் அறிந்தால் ஒப்பமாட்டாததை அறியாமல் செய்விப்பது, அவரது நலனுக்காகவே ஆயினும், அவரை முடிவெடுப்பவர் என்ற இடத்திலிருந்து இறக்கிவிடுவதாகும்.

இவ்விரு தீர்ப்புகளும் தொடாத ஒன்று இதில் உள்ளது. மனச்சிதைவு நோயில் அடிக்கடி தோன்றும் பிறழ்நம்பிக்கைகளுள் ஒன்று, வீட்டார் உணவில் ஏதோ கலக்கிறார்கள் என்பது. நோய் என்று சொல்லப்பட்ட அந்த ஐயத்தைக் குடும்பம் தன் கையால் உண்மையாக்குகிறது. ஒரு நம்பிக்கை பிறழ்ந்தது எனப்படுவது சான்றுக்குப் புறம்பாக அது பற்றப்பட்டிருப்பதால். இப்போது சான்று தட்டிலேயே இருக்கிறது. பின்னொரு நாள் அவர் உண்மையைக் கண்டுகொண்டால், இதுவரை தமக்கு நோய் என்று சொல்லப்பட்ட மற்ற ஐயங்களையும் அவர் மறுபரிசீலனை செய்வது பகுத்தறிவுக்கு முரணானதன்று. கலந்தவருக்கும் இது புரியும். பரிமாறும்போது மகன் முகத்தைப் பார்க்க இயலாத தாய், அவனை வஞ்சிக்கப்படத்தக்கவனாக, அதாவது உண்மைக்கு உரியவனாக, இன்னமும் கருதுகிறாள். குழந்தைக்குத் தேனில் மருந்து குழைப்பவளுக்கு அந்தக் கூச்சம் வருவதில்லை. இதை வைத்துக் கலப்பது சரியென்று நிறுவ முடியாது. கலக்கும் குடும்பத்தைக் கொடியது என்று முடிவுகட்டவும் முடியாது. சட்டத்துக்கு இது ஒப்புதலற்ற சிகிச்சை. ஆனால் மாற்று வழியாகச் சட்டம் வைத்திருப்பது மருத்துவமனைச் சேர்க்கை. அதற்கு அவரைக் கொண்டுசெல்ல நாலு பேர் கையைக் காலைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றும் காட்சி எந்த வகையில் மேலானது என்று தாய் கேட்பாளாயின், அக்கேள்விக்கு மதிப்பளிக்க வேண்டும்.

2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், குடும்பத்தின் இடத்தை மாற்றி அமைத்தது. உறவினர் என்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் உரிமை வந்துவிடாது. நோயாளி தமக்கு வேண்டிய ஒருவரை நியமனப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கலாம், நலமாக உள்ள காலத்திலேயே எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டிய அறிவுறுத்தலாக எழுதி வைக்கலாம், எவ்வகையிலும் அவரைச் சங்கிலியால் கட்டுதல் கூடாது. அப்படி யாரையும் நியமிக்காத நிலையில்தான் உறவினர் பிரதிநிதியாகக் கருதப்படுவார். பல குடும்பங்கள் இதை ஓர் அவமதிப்பாக உணர்ந்தன: இருபது ஆண்டு சோறிட்டவரைச் சட்டம் சந்தேகிப்பதாக அவர்களுக்குத் தோன்றியது. அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சொத்துக்காகவும் விருப்பமில்லாத திருமணத்தை முடிப்பதற்காகவும் உறவினரைப் பைத்தியம் என்று அடைத்த வரலாறு உலகெங்கும் உண்டு. எனினும் 17ஆம் பிரிவு பிரதிநிதியின் கடமைகளைச் சொல்லும்போது, நோயாளியின் இன்றைய விருப்பத்தோடு கடந்தகால விருப்பங்கள், வாழ்க்கை வரலாறு, மதிப்பீடுகள், பண்பாட்டுப் பின்னணி ஆகியவற்றையும் கருதச் சொல்கிறது. இவற்றை அறிந்திருப்பவர் பெரும்பாலும் அந்தச் சந்தேகத்துக்கு உள்ளான உறவினரே. அமெரிக்க மெய்யியலாளர் ஹில்டே லிண்டெமன், தன்னைத் தானே தாங்க முடியாத ஒருவரின் அடையாளத்தை அவரது கதைகளை நினைவில் வைத்திருப்போர் தாங்கிப் பிடிக்கின்றனர் என்றும், பொருந்தாத கதையை விட்டுவிடுவதும் அந்தப் பணியின் பகுதியே என்றும் வாதிடுகிறார். இரண்டாவது பாதியே குடும்பங்களுக்குக் கடினம். வகுப்பில் முதலாவதாக வந்த பதினேழு வயதுப் பையனை நினைவில் வைத்திருக்கும் தந்தைக்கு, நாற்பது வயதில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதில் நிறைவு காணும் மகன் இன்னமும் நோயாளியாகவே தெரிகிறார்.

பெற்றோர் பேசும் பேச்சுகளுள் அடிக்கடி கேட்பது 'எங்களுக்கு அப்புறம் யார் பார்ப்பாங்க' என்பது. 1987ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் நீதிமன்றம் காப்பாளரையும் சொத்துக்கு மேலாளரையும் நியமிக்க வழியிருந்தது. 2017ஆம் ஆண்டின் சட்டம் அதை விட்டுவிட்டது. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு போன்ற நிலைகளுக்கே உரியது. மனநோய் அதில் இடம்பெறவில்லை. எஞ்சுவது 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் வரையறுக்கப்பட்ட காப்பாண்மை. காப்பாளரும் மாற்றுத்திறனாளியும் ஒருவரையொருவர் புரிந்து நம்பி, குறிப்பிட்ட காலத்துக்குக் குறிப்பிட்ட முடிவுகளைச் சேர்ந்து எடுப்பதும், அது அவரது விருப்பத்தின்படி நடப்பதுமே காப்பாண்மை என்று அச்சட்டம் பொருள் கூறுகிறது. காப்பாளரை நியமிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. அந்தப் பரஸ்பர நம்பிக்கையை உண்டாக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. பெற்றோர் மறைந்தபின் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ வருகிறது. அண்ணனோடு அவர்கள் கடைசியாகச் சரிக்குச் சரி சண்டையிட்டது எப்போது, அதன் பின் அவரிடம் மறைத்தவை எவை, சாப்பாட்டில் கலந்ததை அவர் அறிவாரா என்பவை நீதிமன்ற மனுவில் கேட்கப்படும் கேள்விகள் அல்ல; ஆனால் சேர்ந்து முடிவெடுக்க இருவரும் முதன்முறை எதிரெதிரே அமரும்போது வேறெதற்கும் முன் அவற்றையே பேசித் தீர்க்க வேண்டியிருக்கும்.